ஹங்குல்: வாயின் வடிவத்தில் பிறந்த எழுத்து

கொரிய மொழியை எழுதும் எழுத்துமுறைக்கு ஹங்குல் என்று பெயர். நாம் இன்று எழுதும் தமிழ் எழுத்தை யாரும் உட்கார்ந்து வரைந்து தரவில்லை. கல்லிலும் ஓலையிலும் அச்சிலும் நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல உருமாறி வந்தது. ஹங்குல் அப்படி வந்ததல்ல. ஜோசோன் வம்சத்தின் நான்காம் மன்னர் செஜோங் 1443-இல் இதை உருவாக்கி முடித்தார், 1446-இல் நாட்டுக்கு அறிவித்தார். அதுவரை கொரியர்கள் சீன எழுத்துகளைக் கொண்டே எழுதினார்கள். சீனமும் கொரியமும் இலக்கணத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத மொழிகள். ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைக் கற்க நேரமும் வசதியும் உள்ளவர்களுக்கு மட்டுமே எழுத்தறிவு கிட்டியது. பொதுமக்கள் தங்கள் பேச்சைத் தாங்களே எழுத வேண்டும் என்பதுதான் புதிய எழுத்தின் நோக்கம் என்று மன்னர் அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறார்.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, இது க, இது ந என்று 24 அடிப்படை எழுத்துகளையும் மனப்பாடம் செய்கிறார்கள். சீக்கிரம் முடிந்துவிடும், அதே வேகத்தில் மறந்தும் போகும். ஹங்குலை அப்படிக் கற்பது வீண் உழைப்பு. ஐந்து மெய் வடிவங்கள், மூன்று உயிர்க் குறிகள், கோடு சேர்க்கும் விதி ஒன்று, கட்டத்தில் அடுக்கும் விதி ஒன்று. இவை பிடிபட்டால் மற்றவை தாமாக வந்துவிடும். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, படிக்கப் படிக்க வரைந்து பாருங்கள். கட்டம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

ஐந்து மெய்கள்

ஓர் ஒலி பிறக்கும்போது நாக்கும் உதடும் பல்லும் எப்படி இருக்கின்றன என்பதைத் தமிழ் இலக்கணம் பிறப்பியல் என்று தனியாகவே பேசுகிறது. ஆனால் நம் எழுத்தின் வடிவத்துக்கும் அந்தப் பிறப்புக்கும் தொடர்பு இல்லை. ஹங்குலில் அந்தப் பிறப்புதான் வடிவம். இடப்பக்கம் பார்த்து நிற்கும் ஒரு முகத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாய் இடது பக்கம், தொண்டை வலது பக்கம்.

'க்' என்று சொல்லித் தொண்டையிலேயே நிறுத்துங்கள். நாக்கின் அடிப்பகுதி எழும்பித் தொண்டையை அடைக்கிறது. அந்தத் தோற்றம்தான் ககர வடிவம்: மேலே இடமிருந்து வலமாக ஒரு கோடு, வலது முனையில் மடங்கி அப்படியே கீழே இறங்கும். கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும்.

'ந்' சொல்லுங்கள். நாக்கு கீழே படுத்திருக்க, நுனி மட்டும் எழும்பிப் பல்லின் பின்புறத்தைத் தொடுகிறது. கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பும் கோடு இதன் வடிவம். நம் 'ட' போலவே இருக்கும், இதுவும் ஒரே இழுப்பு. தமிழ் படிக்கும் கண்ணுக்கு இது 'ட' என்றே படும். முதல் வாரம் இதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

மகரத்துக்கு வாயின் வடிவம், அதாவது ஒரு சதுரம். சகரத்துக்குப் பல்லின் வடிவம்: உச்சியில் தொடங்கி இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் கோடு, பிறகு அதன் மேற்பகுதியிலிருந்து வலப்பக்கம் சாயும் கோடு. இதன் ஒலி 'ஸ்'. பின்னால் இகரம் வந்தால் 'ஷ்' போலாகும். ஐந்தாவது, தொண்டையைக் குறிக்கும் வட்டம். இதற்கு இரண்டு வேலைகள் உண்டு, கட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருவோம்.

இனி, கோடு சேர்க்கும் விதி. அதே இடத்தில் பிறக்கும் ஒலி வலுப்பட்டால் அந்த வடிவத்தோடு ஒரு கோடு சேரும். நகரத்தின் தலையில் ஒரு கிடைக்கோடு வைத்தால் 'த'. அதன் நடுவில் இன்னொரு கோடு சேர்த்தால் மூச்சை ஊதிச் சொல்லும் 'த்ஹ'. மகரச் சதுரத்தின் இரு பக்கச் சுவர்களும் மேலே நீண்டால் 'ப'. பார்ப்பதற்கு நம் 'ப'வின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்டது போல் இருக்கும். இது தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் நினைவில் வைக்க இதைவிட எளிய வழி இல்லை. 'ப்ஹ' மட்டும் இந்த வரிசையில் சற்று விலகி நிற்கும்: மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, இடையில் இரண்டு தூண்கள். சகரத்தின் உச்சியில் கோடு வைத்தால் 'ஜ', அதற்கும் மேல் ஒரு சின்னக் கீற்று வைத்தால் ஊதிச் சொல்லும் 'ச்ஹ'. ககரத்தின் நடுவில் கோடு போட்டால் 'க்ஹ'. வட்டத்தின் மேல் ஒரு கோடும் அதன் மேல் ஒரு கீற்றும் வைத்தால் 'ஹ'.

பள்ளியில் ந-த, ம-ப என்று இன எழுத்துகளைப் படித்தது நினைவிருக்கும். எந்த மெல்லினம் எந்த வல்லினத்தோடு சேரும் என்று நாம் பாடமாகக் கற்றதை ஹங்குலில் கண்ணாலேயே பார்க்கலாம். மெல்லினத்தின் மேல் கோடு சேர்ந்துதான் வல்லினம் வருகிறது. என்னைக் கேட்டால், இந்த எழுத்துமுறையின் மிகப் பெரிய அழகு இதுதான்.

மீதி இருப்பது ஒன்று: ர, ல இரண்டுக்கும் பொதுவான எழுத்து. இது நாக்கின் வரிசையைச் சேர்ந்தது என்றாலும் கோடு சேர்க்கும் விதிக்கு அடங்காதது. மேலே ககர வடிவம், நடுவில் ஒரு கிடைக்கோடு, கீழே நகர வடிவம் என்று மூன்று இழுப்பில் மடித்து எழுத வேண்டும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் 'ர', அசையின் இறுதியில் நின்றால் 'ல்'.

மொத்தம் 14 மெய்கள். இவற்றில் க, த, ப, ச, ஜ ஐந்தையும் இரட்டித்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இறுக்கமான ஒலிகள் கிடைக்கும். 'பக்கம்' என்பதில் வரும் 'க்க' ஏறக்குறைய அந்த ஒலிதான்.

மூன்று குறிகளில் எல்லா உயிர்களும்

உயிர்களுக்கு வேறொரு தத்துவம். படுக்கைக் கோடு பூமி, நிற்கும் கோடு மனிதன், புள்ளி வானம். 1446-இல் வெளியான வடிவங்களில் புள்ளி உண்மையாகவே வட்டப் புள்ளியாக இருந்தது. தூரிகையால் எழுதும்போது அது குட்டைக் கீற்றாக மாறி, இன்று கோட்டிலிருந்து நீளும் சின்னக் கையாகத் தெரிகிறது.

நிற்கும் கோடு தனியாக நின்றால் 'இ'. அதன் வலப்பக்கம் கீற்று வந்தால் 'அ' அல்லது 'ஆ'. கொரிய எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. கீற்று இடப்பக்கம் வந்தால் நம்மிடம் இல்லாத ஓர் ஒலி: 'ஒ' சொல்லத் தொடங்கி, உதட்டைக் குவிக்காமல் வாயைச் சற்றுத் திறந்தால் அது வரும். படுக்கைக் கோட்டின் மேல் கீற்று நின்றால் உதடு குவித்த 'ஓ', கீழே தொங்கினால் 'உ'.

படுக்கைக் கோடு தனியாக நின்றால் வரும் ஒலியைப் பல மொழிக்காரர்கள் சொல்ல முடியாமல் தவிப்பார்கள். தமிழர்களுக்கு அது நாள்தோறும் வாயில் புழங்கும் ஒலி. 'பாட்டு', 'காசு' என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் தேய்ந்து ஒலிக்கும் குற்றியலுகரம்தான் அது.

கீற்று இரண்டானால் முன்னால் யகரம் சேரும்: யா, யோ, யு. 'அ'வின் வலப்பக்கம் இன்னொரு நிற்கும் கோடு சேர்த்தால் 'எ' போன்ற ஒலி. இடக்கீற்று உயிரோடு அப்படிச் சேர்த்தாலும் 'எ' போன்ற ஒலிதான். இன்றைய பேச்சில் பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள், எழுத்தில் மட்டும் வேறுபாடு நிற்கிறது. 'ஓ'வையும் 'ஆ'வையும் சேர்த்தால் 'வா'. இப்படிக் கூட்டுவன எல்லாம் சேர்ந்து 21 உயிர் வடிவங்கள்.

கட்டத்தில் அடுக்குவது

இங்கேதான் முதல் பெரிய தவறு நடக்கிறது. ஹங்குல் எழுத்துகளை ஆங்கில எழுத்துகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் எழுதக்கூடாது. ஓர் அசையின் எழுத்துகளை எல்லாம் ஒரே சதுரத்துக்குள் அடுக்க வேண்டும். அசைகள் எத்தனையோ அத்தனை கட்டங்கள். உயிர்மெய்க்குப் பழகிய நமக்கு இது புதிதல்ல. வேறுபாடு, அசையின் இறுதியில் வரும் ஒற்றும் அதே கட்டத்துக்குள் வந்துவிடும் என்பதுதான்.

எங்கே எதை வைப்பது என்பதை உயிர்தான் முடிவு செய்கிறது. நிற்கும் கோட்டு உயிர் என்றால் மெய் இடப்பாதி, உயிர் வலப்பாதி. படுக்கைக் கோட்டு உயிர் என்றால் மெய் மேலே, உயிர் கீழே. 'வா' போன்ற கூட்டுயிர் என்றால் மெய் இடது மேல் மூலையில் இருக்க, உயிர் அதைக் கீழேயும் வலப்பக்கமும் அணைத்து நிற்கும். இறுதி ஒற்று இருந்தால் எப்போதும் அடியில்.

'நாமு' என்றால் கொரிய மொழியில் மரம். முதல் கட்டத்தில் நகரம் இடப்பக்கம், 'ஆ' வலப்பக்கம். இரண்டாம் கட்டத்தில் மகரச் சதுரம் மேலே, 'உ' கீழே. இரு வகை அடுக்கும் ஒரே சொல்லில் வருவதால் பயிற்சிக்கு ஏற்ற சொல் இது.

வட்டத்துக்கு இரண்டு வேலைகள் என்றேன். கட்டத்தின் தொடக்கத்தில் நின்றால் அதற்கு ஒலி கிடையாது. உயிரைத் தனியாக எழுத ஹங்குலில் வழியில்லை. மெய்யின் இடம் காலியாக இருக்கக்கூடாது, அங்கே வட்டம் உட்கார்ந்துகொள்ளும். 'ஆஇ' என்றால் குழந்தை. இரண்டு கட்டங்கள், இரண்டிலும் வட்டம். இதை மறந்து வெறும் கோடுகளாக எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அதே வட்டம் கட்டத்தின் அடியில் வந்தால் 'ங்' என்று ஒலிக்கும். தொடக்கக் காலத்தில் 'ங்' ஒலிக்குத் தலையில் காம்பு வைத்த தனி வட்டம் இருந்தது. பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டன. 1446-இன் 28 எழுத்துகளில் வழக்கொழிந்த நான்கில் அதுவும் ஒன்று.

'ஹன்குல்' எழுதிப் பார்ப்போம்

கோடுகளின் வரிசைக்கு இரண்டே விதிகள்: மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். வட்டத்தை உச்சியில் தொடங்கி இடப்பக்கமாகச் சுற்றி மூட வேண்டும்.

ஹங்குல் என்ற பெயரைக் கொரியத்தில் 'ஹன்', 'குல்' என்று இரண்டு கட்டங்களாக எழுதுவார்கள். முதல் கட்டம் 'ஹன்'. எழுதும் முன்பே கட்டத்தை மனத்துக்குள் பிரித்துவிடுங்கள்: மேலே மூன்றில் இரண்டு பங்கு ஹகரத்துக்கும் உயிருக்கும், கீழே ஒரு பங்கு ஒற்றுக்கு. இடது மேல் பகுதியில் ஒரு சின்னக் கீற்று, அதன் கீழே ஒரு கிடைக்கோடு, அதன் கீழே வட்டம். வலப்பக்கம் ஒரு நிற்கும் கோடு. அதன் நடுவிலிருந்து வலப்பக்கமாக ஒரு கீற்று. கடைசியாக அடியில் நகரம், ஒரே இழுப்பு. ஆறு கோடுகள் ஆயிற்று.

இரண்டாம் கட்டம் 'குல்'. இதன் உயிர் 'உ' அல்ல, குற்றியலுகரம்போல் ஒலிக்கும் வெறும் படுக்கைக் கோடு என்பதால் மூன்று தளங்கள் வரும். மேல் தளத்தில் ககரம். நடுவில் கட்டத்தின் முழு அகலத்துக்கும் ஒரு கோடு. அடியில் மூன்று இழுப்பில் லகரம். ஐந்து கோடுகள். லகரத்துக்கு இடம் போதாமல் அது கட்டத்துக்கு வெளியே வழிந்தால், மேலே ககரத்தைப் பெரிதாக எழுதிவிட்டீர்கள் என்று பொருள். அடியில் எதையும் சுருக்கிச் சரிசெய்யப் பார்க்காமல் மேலே இருப்பதைத் தட்டையாக்குங்கள்.

ககரம் இடத்துக்கு ஏற்ப உருவத்தைச் சற்று மாற்றிக்கொள்ளும். படுக்கைக் கோட்டின் மேல் உட்காரும்போது அதன் கால் நேராக இறங்கும். நிற்கும் கோட்டின் இடப்பக்கம் வரும்போது கால் இடப்பக்கம் வளைந்து சாயும். எல்லா இடத்திலும் நேர்க்கோணமாக எழுதினால் தவறில்லை, ஆனால் அது கை பழகாதவர் எழுத்து என்று உடனே தெரிந்துவிடும்.

கோடு வரிசையில் சில எழுத்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மகரச் சதுரம் மூன்று இழுப்பு: இடச் சுவர், மேற்கோடும் வலச் சுவரும் சேர்த்து ஒரே மடிப்பு, பிறகு அடிக்கோடு. பகரம் நான்கு: இடச் சுவர், வலச் சுவர், நடுக்கோடு, அடிக்கோடு. உயிர்களில் வலக்கீற்று என்றால் நிற்கும் கோடு முதலில். இடக்கீற்று என்றால் கீற்று முதலில். எல்லாம் இடமிருந்து வலம் என்ற விதியின்படிதான். வரிசையை மாற்றினாலும் மெதுவாக எழுதும்போது வடிவம் கெடாது. வேகமாக எழுதும்போதுதான் கெடும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டும் இடம் வரிசையைப் பொறுத்தது. தப்பான வரிசையில் ஓட்டமாக எழுதினால் கொரியர்களால் படிக்க முடியாத ஓர் உருவம் வந்து நிற்கும்.

எழுதுவதில் வரும் பிழைகள்

தமிழ் எழுதும் கை வளைவுக்குப் பழகியது. அதனால் மகரச் சதுரத்தின் மூலைகள் தாமாகவே மழுங்கும். ஹங்குலில் இது கையெழுத்து அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, எழுத்தே மாறிவிடும். 'முல்' என்றால் தண்ணீர். மூலை உருண்டால் அது 'உல்' ஆகிவிடும். மூலைகளைக் கூராகவே எழுதிப் பழகுங்கள்.

இன்னொன்று, அச்சு எழுத்தை அப்படியே நகலெடுப்பது. புத்தக எழுத்துருக்கள் சிலவற்றில் வட்டத்தின் தலையில் ஒரு சின்ன மூக்கு இருக்கும். அது தூரிகை தொட்ட இடத்தின் அடையாளம், எழுத்தின் பகுதி அல்ல. அதேபோல 'ஜ' அச்சில் மேற்கோடும் தனித்தனிக் கால்களுமாகத் தெரியலாம். கையால் எழுதும்போது மேற்கோடும் இடக்காலும் ஒரே இழுப்பு, பிறகு வலக்கால்.

கீற்றின் நீளத்திலும் கவனம் வேண்டும். மிகச் சின்னதாக இருந்தால் 'ஆ' என்பதும் 'இ' என்பதும் ஒன்றுபோல் தெரியும். ஒற்றைக் கீற்றை நிற்கும் கோட்டின் சரிபாதியில் வையுங்கள். இரட்டைக் கீற்று என்றால் இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும்.

சொற்களுக்கு இடையே இடம் விட வேண்டும். கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்துச் சீன எழுத்துபோல் இடைவெளி இல்லாமல் எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

எழுதுவது ஒன்று, ஒலிப்பது சற்று வேறு

ககரம் ஒன்றே இடத்துக்கேற்ப இரண்டு விதமாக ஒலிக்கும் என்பது ஐரோப்பிய மொழிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி. தமிழில் 'பட்டம்' என்பதில் ஒரு டகரம், 'படம்' என்பதில் வேறொரு டகரம், எழுத்து ஒன்றுதான். கொரிய க, த, ப, ஜ நான்கும் இப்படியே: சொல்லின் முதலில் வல்லொலி, இரண்டு உயிர்களுக்கு நடுவே மெல்லொலி. இதில் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நமக்குக் கடினம் மூச்சொலிகள். ஒரு மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். 'க்ஹ' என்றால் காகிதம் நன்றாகப் பறக்க வேண்டும், இரட்டைக் ககரம் என்றால் அசையவே கூடாது.

அசையின் இறுதியில் எந்த ஒற்றை எழுதினாலும் ஒலிப்பது ஏழு மட்டும்: க், ன், த், ல், ம், ப், ங். சகரமோ ஜகரமோ அடியில் வந்தால் 'த்' என்றே நிற்கும். உடை என்பதற்கான சொல் சகர ஒற்றில் முடிகிறது, ஆனால் சொல்லும்போது 'ஒத்'. அப்படியானால் ஏன் தகரத்தையே எழுதவில்லை என்று கேட்கத் தோன்றும். பின்னால் 'இ' என்ற எழுவாய் உருபு சேர்ந்தால் 'ஒஷி' என்று சகரம் வெளியே வந்துவிடுகிறது, அதனால்தான்.

நம்மிடம் 'நீர்', 'ஊற்று' சேர்ந்தால் 'நீரூற்று' என்று ஒற்றின் மேல் உயிர் ஏறும். எழுத்தும் அதற்கேற்ப மாறும். கொரியத்திலும் ஒற்று அடுத்த கட்டத்து வட்டத்தின் இடத்துக்குத் தாவி ஒலிக்கும், ஆனால் எழுத்து மாறாது. சொல்லின் வேர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது 1933-இல் கொரிய மொழிச் சங்கம் வகுத்த எழுத்து நெறியின் அடிப்படை. காதால் கேட்டதை அப்படியே எழுதினால் பிழை வருவது இதனால்தான்.

க், த், ப் ஒற்றுகளுக்குப் பின்னால் ந, ம வந்தால் அவை ங், ன், ம் என்று ஒலிக்கும். மறுபடியும் இன எழுத்துதான். பகர ஒற்றை எழுதியிருப்பார்கள், காதில் மகரம் விழும்.

விசைப்பலகையில்

தென் கொரியாவின் வழக்கமான விசைப்பலகையில் மெய்கள் எல்லாம் இடக்கைப் பக்கம், உயிர்கள் எல்லாம் வலக்கைப் பக்கம். நீங்கள் தனித்தனி எழுத்தாகத் தட்டினால் போதும், கட்டத்தைக் கணினியே அடுக்கிக்கொள்ளும். தொடக்கத்தில் வரும் மெய்கள் 19, உயிர்கள் 21, அடியில் வரும் ஒற்று வகைகள் 27, ஒற்றே இல்லாத நிலை ஒன்று. 19, 21, 28 மூன்றையும் பெருக்கினால் 11,172. யூனிகோடில் இத்தனை கட்டங்களுக்கும் தனித்தனி எண் உண்டு. கணினி எந்த அட்டவணையையும் தேட வேண்டியதில்லை. தொடக்க மெய்யின் வரிசை எண்ணை 588-ஆல் பெருக்கி, உயிரின் எண்ணை 28-ஆல் பெருக்கி, ஒற்றின் எண்ணையும் 44,032-ஐயும் கூட்டினால் அந்தக் கட்டத்தின் எண் வந்துவிடும். மெய்யும் உயிரும் சுழியத்திலிருந்து எண்ணப்படும். ஒற்று இல்லை என்றால் அதன் எண் சுழியம்.

தட்டும்போது புதியவர்களைத் திகைக்க வைப்பது ஒன்று உண்டு. 'ஹானா' என்று எழுத ஹ, ஆ, ந என்று தட்டியதும் திரையில் 'ஹன்' என்ற ஒற்றைக் கட்டம் வந்துவிடும். தப்பாகிவிட்டது என்று அழிக்க வேண்டாம். அடுத்த 'ஆ'வைத் தட்டுங்கள். அடியில் இருந்த நகரம் தானே எழுந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.